ஆறாம் மாடியில் ஒழுகிய காற்று

1

இந்த வருடத்தின் முதல் புழுக்கம் போன செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது. காலை ஏழு மணிக்கே சேட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. மனைவி மெற்றில்டா யன்னலைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "உங்கடை சீசன் தொடங்கியிட்டுது" என்றாள். அவள் சொல்லி வாய் மூட முதல் என் தொலைபேசி அடித்தது.

உயர்ந்த கட்டடங்களில் குளிர்நீர்க் குழாய்களைப் பார்ப்பது என் தொழில். அங்கே வீட்டுக்கு வீடு தனித்தனிக் குளிரூட்டி கிடையாது. அடித்தளத்திலோ கூரையிலோ ஒரு பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிர வைக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே மாடி மாடியாகப் போய், வீடுகளின் வெக்கையை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். குழாயைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் உறை போட்டிருப்பார்கள். உறை எங்காவது பிசகினால் வெளிக்காற்றின் ஈரம் குழாயின் குளிரில் பட்டுத் துளிக்கும். ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்பக்கம் நனைவது போலத்தான்.

அன்று போன கட்டடத்துக்கு நாற்பத்தொரு மாடி. இருபத்தாறாம் மாடி வீடொன்றின் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். வீட்டுக்காரர் மேல்வீட்டாரோடு ஏற்கெனவே சண்டை பிடித்து முடித்திருந்தார். நான் சீலிங்கிலிருந்த சிறு கதவைத் திறந்து, குழாயின் உறையைக் காகிதத்தால் ஒற்றித் துடைத்தேன். பிறகு ஏணியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஊசி முனை அளவில் ஒரு மினுக்கம். பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் பெருத்து ஒன்றாகிக் கீழே தொங்கின. இந்த வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். இன்றைக்கும் அந்த இரண்டு நிமிடம் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். வெறும் கண்ணுக்கு முன்னால், ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து தண்ணீர் பிறக்கிறது.

ஏணியில் நின்றபோது தங்கையின் கணவர் லோறன்ஸின் நினைவு வந்தது. போன ஆவணியில் திருகோணமலையில் நடந்ததை ஒருவருக்கும் எழுதாமல் ஏறக்குறைய ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன்.

2

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்காக நானும் மகள் ஆனும் ஊருக்குப் போனோம். மெற்றில்டாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனுக்கு இருபது வயது. எட்டு வயதில் ஒருமுறை வந்தவள். இந்த முறை வரமாட்டேன் என்றுதான் நின்றாள். "அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது உண்மை. அந்த உண்மையில் என் பங்கு எவ்வளவு என்று யோசிக்க நான் விரும்பவில்லை. அவளுக்கும் பயணச்சீட்டை எடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

தங்கை ஜெசிந்தாவின் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் உட்துறைமுகமும் அதில் காத்து நிற்கும் கப்பல்களும் தெரியும். அவளுடைய கணவர் லோறன்ஸ் குழாய் பொருத்துகிறவர். குச்சவெளியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் வெல்டிங் பழகியவர். நான் வருகிறேன் என்றால் பஸ் ஸ்ராண்டில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்கிற மனிதர், அன்று வரவில்லை. வீட்டின் பின்பக்கம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். "வாங்கோ மச்சான்" என்றார். அதற்கு மேல் கதை இல்லை.

ஜெசிந்தா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணா, இவரை வேலையாலை நிப்பாட்டி வைச்சிருக்கினம். மூண்டு கிழமையாச்சு."

"ஏன்?"

"துறைமுகப் பக்கம் புதுசா ஒன்பது மாடி ஹோட்டல் ஒண்டு வந்ததெல்லே. அதிலை குளிர்த்தண்ணிப் பைப் முழுக்க இவர்தான் பொருத்தினவர். ஆறாம் மாடியிலை சீலிங்காலை தண்ணி ஒழுகுது. மூண்டு தரம் உடைச்சுப் பாத்தாச்சு. ஓட்டை இல்லை. ஆனா ஒழுகுது." அவள் அடுப்பைக் குறைத்தாள். "அந்த ஈரத்திலை புனிதம் எண்டு, அறை துப்புரவாக்கிறவ, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. கப்பல்துறைக் கிராமத்து ஆள். இரண்டு சின்னப் பிள்ளையள்."

"லோறன்ஸ் என்ன சொல்லுறார்?"

"முதல்லை, என்ரை பொருத்திலை பிழை வராது எண்டு நிண்டவர். இப்ப அதையும் சொல்லுறேல்லை. பழைய வேலை செய்த இடமெல்லாம் போய்த் தன்ரை பொருத்துகளைத் தடவிப் பாத்திட்டு வாறார்."

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தோம். அந்த மௌனம் ஆனுக்குத் தாங்கவில்லை. 'ஒழுகுது' என்ற சொல் அவள் வாயில் சரியாக வராது.

"மாமா, அந்தப் பைப் ஏன் அழுகுது?" என்று கேட்டாள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோறன்ஸ் சிரிக்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் பிள்ளை. அழுகுதுதான். ஏனெண்டு மட்டும் சொல்லுதில்லை."

3

அடுத்த நாள் நானும் லோறன்ஸும் ஆனும் ஹோட்டலுக்குப் போனோம். மனேஜர் கொழும்புக்காரர், மரியாதையான மனிதர். நான் என் தொழிலைச் சொன்னதும் கதிரை போட்டார். ஆனால் இயந்திர அறைக்குள் விட மறுத்தார்.

"சேர், நீங்க கனடா பாஸ்போட்காரர். உள்ளுக்குப் போய் ஏதும் நடந்தா நான்தான் பதில் சொல்லணும். கடிதம் இல்லாம ஏலாது."

நான் கனடாவுக்குப் போன புதிதில், திருகோணமலையில் வாங்கிய என் தொழிற்சான்றிதழை அங்கே மதிக்கவில்லை. தகுதி போதாது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. பகலில் கிடங்கொன்றில் பெட்டி தூக்கி, மாலையில் முதலாம் பாடத்திலிருந்து திரும்பப் படித்தேன். அன்று நான் இலங்கைக்காரன் என்பது தடை. இன்று பிறந்த ஊரில் நான் கனடாக்காரன் என்பது தடை. எனக்குக் கோபம் வந்தது. ஆன் தொலைபேசியை எடுத்து, சொந்தப் பொறுப்பில் உள்ளே போகிறோம் என்று ஆங்கிலத்தில் பத்து வரியில் ஒரு கடிதம் அடித்து மனேஜருக்கு அனுப்பினாள். வழி காட்ட லோறன்ஸ் தேவை என்பதையும் சேர்த்திருந்தாள். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு அனுமதித்தார்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் துருப்பிடிக்காமலிருக்க மருந்து கலப்பார்கள். இயந்திர அறையில் அந்தத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்தேன். வெளிறிய தேயிலைச் சாயம் போன்ற நிறம், மூக்கில் ஏறும் மணம். ஆறாம் மாடிச் சீலிங்கிலிருந்து வாளிக்குள் சொட்டியதை இன்னொரு போத்தலில் எடுத்தேன். அது மழைத்தண்ணீர் போலத் தெளிவு. இரண்டையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். லோறன்ஸ் கன நேரம் பார்த்தார்.

"அப்ப இது பைப்புக்குள்ளை இருந்து வந்த தண்ணி இல்லை."

"இல்லை மச்சான்."

"பின்னை எங்கையிருந்து?"

"காத்திலையிருந்து."

அவர் வாளியைக் காட்டினார். "காலமை வைச்ச வாளி பின்னேரம் நிரம்புது. இவ்வளவு தண்ணி காத்துக்குள்ளை நிக்குமோ?"

நிற்கும் என்றேன். எங்கள் ஊர்க் கடல்காற்று ஒரு சாதாரண அறையை நிரப்பினால், அந்தக் காற்றுக்குள் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையில் தட்டுப்படாது. கணக்கை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாளியைப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கின் அர்த்தம் விளங்கியது. இருபத்தாறு வருடம் இந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுத்து வளர்ந்தேன். இதற்குள் இவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மனேஜர் போத்தல்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ரப்பர் உறைக்குள்ளால வடிஞ்சு வரேக்க நிறம் போயிருக்கும் சேர்." லோறன்ஸின் முகத்தில் வந்த வெளிச்சம் அந்தச் சொல்லோடு போய்விட்டது.

4

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ரொறன்ரோவில் வேலை தொடங்கிய முதல் கோடை. ஒரு கட்டடத்தின் பத்தொன்பதாம் மாடியில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டேன். நமக்கு எல்லாமே 'ஒழுகுது'தான். கூரையும் ஒழுகும், மூக்கும் ஒழுகும். ஆங்கிலத்தில் அதற்கு என்னிடம் இருந்த ஒரே சொல் 'லீக்'. வோக்கிடோக்கியில் அதைச் சொன்னேன். குழாய் வியர்க்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் குழாய் வெடிக்கப்போகிறது என்று நினைத்து, அந்தப் பக்கத்தின் முழுக் குளிர்நீரையும் அடைத்துவிட்டார். வருடத்திலேயே வெக்கை கூடிய நாட்களில் ஒன்று அது. மூச்சுத்திணறல் உள்ள ஒரு மனிதரை இருபத்திரண்டாம் மாடியிலிருந்து அம்புலன்சில் ஏற்றினார்கள். நான் கீழே கருவிப்பெட்டியோடு நின்று பார்த்தேன். அவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு அறிந்தேன். ஆனால் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னவன் நான்தான் என்று அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அடுத்த கோடையில் அதே கட்டடத்துக்கு வேலைக்குப் போனபோதும், மின்தூக்கியில் இருபத்திரண்டாம் இலக்கத்தைத் தாண்டித்தான் போனேன்.

5

ஹோட்டலில் குழாயைத் தாங்கும் வளையங்கள் ரப்பர் உறையை நசுக்கியிருந்தன. அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். மனேஜரிடம் கேட்டு, நசுங்கிய இடங்களையெல்லாம் வெட்டி, புது உறை போட்டு, காற்றுப் புகாதபடி ஒட்டினோம். லோறன்ஸின் கை வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். ஒரு மடிப்பு இல்லை, ஒரு குமிழ் இல்லை. அன்று முழுக்க ஒரு துளி விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் மனேஜரிடம் போய் வேலை முடிந்தது என்று சொன்னேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் முன்பைவிட மோசம். புது உறையின் மேல் நீளத்துக்கு முத்து முத்தாய் நீர். வாளிக்குள் சொட்டும் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. மனேஜர் வாளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். லோறன்ஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்து, சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

"விடுங்கோ மச்சான். என்ரை கையிலைதான் ஏதோ பிழை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. ரெண்டு நாள் ஒழுகேல்லைத்தானே."

"அது கச்சான் வீசின நாள்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "என்ன சொன்னனீங்கள்?"

"கச்சான் வீசினா ஒழுகாது. கடல்காத்துத் திரும்பினாத்தான் ஒழுகும். நான் எழுதி வைச்சிருக்கிறன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். திகதி, நேரம், காற்று, ஒழுக்கு என்று நாலு நிரல். குச்சவெளியில் அவருடைய வீட்டார் எதை எழுதினாலும் காற்றையும் சேர்த்து எழுதுவார்களாம். அந்தப் பழக்கத்தில் எழுதியிருக்கிறார். வேலையிலிருந்து நிறுத்திய பிறகு ஹோட்டல் காவலாளியிடம் கேட்டு எழுதியதும் சேர்த்து ஆறு கிழமைக் கணக்கு. மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வரும் கச்சான் வீசிய பொழுதெல்லாம் ஒழுக்கு இல்லை. கடல்காற்று உள்ளே வந்த பொழுதெல்லாம் ஒழுக்கு. ஒருநாள்கூடப் பிசகவில்லை.

நான் கொப்பியைத் திரும்ப முதலிலிருந்து புரட்டினேன். ஓட்டை விழுந்த குழாய்க்குக் காற்றின் திசை தெரியாது. கச்சானோ கடல்காற்றோ, அது ஒரே மாதிரித்தான் ஒழுகும்.

"இதை ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை?"

"ஆர் கேட்டது?" என்றார்.

நானும் கேட்கவில்லை. வந்த முதல் நாளே அவர் பையில் விடை இருந்தது. நான் என் இருபத்தொரு வருட அனுபவத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனித் தேடவேண்டியது, மூடிய கட்டடத்துக்குள் கடல்காற்று எந்த வழியால் வருகிறது என்பது. காற்றுப் போகும் வழியைப் புகையில் பார்க்கலாம் என்று, எங்களோடு வந்திருந்த ஆன் வரவேற்பறைச் சாமிப்படத்தடியில் கேட்டு வாங்கிய ஊதுபத்தியோடு மேலே வந்தாள். சீலிங்குக்கு மேலே, கடல்பக்கச் சுவரில் குழாய்கள் புகும் இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு இடைவெளி இருந்தது. மற்ற மாடிகளில் பூசி அடைத்ததை, கட்டினவர்கள் இங்கே மறந்துவிட்டார்கள். ஆன் ஏணியில் ஏறி ஊதுபத்தியை அதனருகே பிடித்தாள். புகை மேலே எழும்பவேயில்லை. நூலைப் பிடித்து இழுத்தாற்போல நேராகக் கட்டடத்துக்குள் ஓடியது.

"அப்பா, இது உள்ளே இழுக்குது" என்றாள். தமிழில் சொன்னாள்.

ஏன் இழுக்கிறது என்று இயந்திர அறையில் தெரிந்தது. குசினிப் புகையையும் குளியலறைக் காற்றையும் வெளியே தள்ளும் விசிறிகள் நாள் முழுக்க ஓடின. வெளிக்காற்றை உலர்த்திக் குளிராக்கி உள்ளே அனுப்பும் பெரிய விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. அறைகள் பாதிக்கு மேல் நிரம்பாதபடியால், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நிறுத்தச் சொன்னவர் மனேஜர். வெளியே போகும் காற்றுக்கு ஈடாகக் கட்டடம் எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். கிடைத்த வழி அந்த வெளி.

மனேஜரைக் கூட்டிவந்து புகையைக் காட்டினோம். லோறன்ஸ் கீழே போய் விசிறியைப் போட்டார். நாங்கள் ஆறாம் மாடியில் காத்திருந்தோம். ஒரு நிமிடம் போனது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த புகை தயங்கியது. நேராக நின்றது. பிறகு மெல்ல வளைந்து, கடலைப் பார்த்து வெளியே போகத் தொடங்கியது.

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று மூச்சைத் திருப்பி விடுவதை நான் அதுவரை அப்படி நேரே பார்த்ததில்லை. மனேஜர் ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த விசிறிய நிப்பாட்டச் சொன்னது நான்தான்" என்றார் கடைசியில். "லோறன்ஸ் வரட்டும். அவருக்கு நானே சொல்றேன்."

சொன்னார். லோறன்ஸ் "சரி சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் ஊற்றினார். அடுத்த திங்களிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள். சுவரின் வெளியை அவரே அடைத்தார்.

6

ஆன் அதற்குப் பிறகு மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. இப்போதும் என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைக்கிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சில கிழமைகளில் லோறன்ஸ் மாமாவுக்கு இரண்டு வரி அனுப்புகிறாள் என்று ஜெசிந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் திரும்புவதற்கு முதல் நாள் லோறன்ஸ் தானாகவே கேட்டார்: "மச்சான், கப்பல்துறைக்கு ஒருக்கா வாறீங்களோ? தனியப் போக எனக்கு ஏலாமல் கிடக்கு."

கண்டி வீதி பஸ்ஸில் ஆனும் சேர்ந்து மூவரும் போனோம். புனிதம் முன்னறையில் யன்னலோரக் கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊன்றுகோல் கட்டிலில் சாய்ந்து நின்றது. லோறன்ஸ் வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ளை வாங்கோ அண்ணை. ஏன் அங்கை நிக்கிறியள்?"

அவர் வந்து கதிரையின் நுனியில் இருந்தார். பைப்பில் ஓட்டை இல்லை, கடல்காற்றுத்தான் தண்ணீராகி விழுந்தது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். விசிறியையும் புகையையும் பற்றிச் சொன்னார். புனிதத்துக்கு நம்பமுடியவில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் துடைச்ச அவ்வளவு தண்ணியும் காத்தோ?"

"ஓம்."

"எத்தினை வாளி" என்றார் மெதுவாக. யன்னலுக்கு வெளியே மரங்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோறன்ஸ் தரையிலிருந்து பார்வையை எடுத்தார். "நான் அதைச் சொல்ல மட்டும் வரேல்லைத் தங்கச்சி. என்ரை பொருத்திலை பிழை இல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் உங்களைப் பாக்க வந்திருக்கிறன். அதுக்கு முதல் வந்திருக்கோணும். பயந்திட்டன்."

"நீங்கள் வருவியள் எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பைப்பைப் பற்றிக் கேக்க இல்லை." புனிதம் எங்கள் பக்கம் திரும்பினார். "இவர் சொல்லியிருக்க மாட்டார். நான் விழுந்த அண்டைக்கு லிஃப்டுக்குள்ளை பலகை கொள்ளாதெண்டு, ஒரு கதவுப் பலகையிலை என்னைக் கிடத்தி, இவரும் காவலாளியும் ஆறு மாடியும் படியாலை இறக்கினவை. எனக்கு நோவிலை கண் இருட்டுது. இவர் தலைப்பக்கம் பிடிச்சுக்கொண்டு, அஞ்சாம் மாடி தங்கச்சி, நாலாம் மாடி தங்கச்சி, எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டே வந்தவர். அந்தக் குரலைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் கீழை வந்தனான். பிறகு ஆளைக் காணேல்லை."

லோறன்ஸ் கதிரையில் பின்னால் சாய்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். ஆன் எழும்பிப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் புனிதத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வீதியில் நாங்கள் ஏறவேண்டிய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. லோறன்ஸ் எழும்பவில்லை. நாங்களும் அவரை எழுப்பவில்லை.